கரிசல் மண்ணில் வாசல் தளம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் சிமெண்ட் தளம் போடுகிற கொத்தனார் அண்ணாச்சிகளுக்கும் தம்பிகளுக்கும், வேலை எடுத்துச் செய்கிற ஒப்பந்ததாரர்களுக்கும், ஊராட்சி ஒன்றியங்களில் தெரு வேலைகளைப் பார்க்கிற பொறியாளர்களுக்கும் வணக்கம்.

போன வருடம் சித்திரைக் கடைசியில் என் தங்கை வீட்டு வாசலுக்குத் தளம் போட்டார்கள். மாப்பிள்ளை பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். தெருவில் இருந்து போர்டிகோ வரைக்கும் பத்தடி அகலம், இருபதடி நீளம். கடன் வாங்கித்தான் போட்டார்கள். "நல்லா கனமாவே போடுங்க" என்று மாப்பிள்ளை சொன்னதால் ஆறு அங்குலம் போட்டார்கள். கம்பி வலையும் விரித்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறக்கும்போது, கேட்டில் இருந்து போர்டிகோ வரைக்கும் நட்ட நடுவில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு. ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட இரண்டு விரல் உயரம். மாசியில் தங்கையின் மாமியார் அந்த விளிம்பில் கால் தட்டி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனது. இன்றைக்கும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்.

போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "கரிசல் மண்ணுல்லா அண்ணாச்சி, அப்படித்தான் வெடிக்கும். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறார். நம் வட்டாரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். நானும் வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் அப்பா கொத்தனார். நானும் கொத்தனாராகத் தொடங்கி, முப்பது வருடத்துக்கு மேல் சைட் மேற்பார்வை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். உங்களில் ஒருவனாகத்தான் இதை எழுதுகிறேன். கரிசலில் வெடிக்காத தளம் போட முடியும். அதற்கு வேண்டிய பொருளும் அறிவும் நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. நாம் செலவழிக்கிற இடம்தான் தப்பாக இருக்கிறது.

கரிசலின் குணத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் காடு பிளந்து கிடக்கும்போது வெடிப்புக்குள் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும். ஒரே மழையில் அதே இடம் காலில் இருக்கிற செருப்பைப் பிடித்து இழுக்கும். தண்ணீரைக் குடித்து வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிற மண் என்பதால்தான் இங்கே பருத்தியும் உளுந்தும் மானாவாரியில் விளைகின்றன. இந்தக் களியில் மாண்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் அதிகம். சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். தகடுகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்தால் கட்டு ஊதும். தண்ணீர் வெளியேறினால் சுருங்கும். ஆறு அங்குலத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 360 கிலோ எடைதான். ஊதுகிற கரிசல் அதே ஒரு சதுர மீட்டரில் டன் கணக்கில் மேலே தள்ளும். தளத்தை நாலு அங்குலத்தில் இருந்து ஆறு அங்குலமாக்கி இந்த மண்ணை அமுக்கிவிடலாம் என்று நினைப்பது வீண்.

தங்கை வீட்டுத் தளம் ஏன் நடுவில் நீளவாக்கில் பிளந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் மண் எலும்பாகக் காய்ந்திருந்த நேரத்தில் மேலே தளத்தை மூடினார்கள். ஐப்பசியில் மழைத்தண்ணீர் முதலில் ஓரங்களில்தான் இறங்கியது. ஓரத்து மண் ஊதித் தளத்தின் இரண்டு விளிம்பையும் தூக்கியது. நடுவே மண் காய்ந்தபடியே இருந்ததால் அங்கே தளத்துக்குத் தாங்கல் இல்லை. அந்தரத்தில் நின்ற நடுப்பகுதியில் கார் ஏறி இறங்கியது. பிளந்தது. சில வருடம் தாண்டிய தளங்களில் கதை தலைகீழாக நடக்கும். மூடிக்கிடக்கிற நடுப்பகுதியில் ஈரம் ஆவியாக வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போய் அங்கே மண் ஊதி நிற்கும். கோடையில் ஓரத்து மண் மட்டும் சுருங்கிக் கீழே போகும். தளம் பாலம் மாதிரி வளைந்து, இந்த முறை மேல்பக்கத்தில் இருந்து வெடிக்கும். இரண்டிலும் வெடிப்பு விழுவது ஏறக்குறைய அதே இடத்தில்தான். பக்கத்தில் வேம்போ புங்கையோ வேலிக்கருவேலோ நின்றால், வேர் உறிஞ்சுகிற பக்கம் இன்னும் அதிகமாக இறங்கும். குளியலறைத் தண்ணீர் விழுகிற மூலை ஏறும்.

ஆகவே நாம் சண்டை போட வேண்டியது ஈரத்தின் ஏற்ற இறக்கத்தோடு. கம்பியும் கனமும் அதற்கு அப்புறம்தான்.

முதலில் மண் எவ்வளவு ஊதும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பள்ளிக்கூட வேதியியல் அறையில் இருக்கிற 100 மில்லி அளவுச் சாடி இரண்டு போதும். மண்ணைக் காயவைத்துப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலித்து, 10 கிராம் ஒரு சாடியிலும் 10 கிராம் இன்னொன்றிலும் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி, காற்றுக் குமிழி போனதும் ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது. தண்ணீரில் ஊதும். மண்ணெண்ணெயில் 12 மில்லி உயரத்துக்குப் படிந்தது தண்ணீரில் 21 மில்லிக்கு நின்றால், ஊதல் 75 விழுக்காடு. இது இந்தியத் தர நிர்ணயத்தில் இருக்கிற சோதனைதான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு, ஊதல் 50 விழுக்காட்டைத் தாண்டும் களியைச் சாலைக்கு நிரப்புமண்ணாகப் போடக் கூடாது என்கிறது. வீட்டுக்காரர் முன்னால் இந்த இரண்டு சாடியையும் வைத்துக் காட்டிவிட்டால், ஏன் குழி வெட்டக் கூடுதல் காசு கேட்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்கவே மாட்டார். நான் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன்.

அப்புறம் குழி. மேல்மண்ணை அரை அடி சுரண்டிவிட்டு ஜல்லியைக் கொட்டுவது கரிசலுக்குச் செல்லாது. குறைந்தது ஒன்றரை அடி கரிசலை வெட்டி எடுங்கள். இரண்டடி முடிந்தால் இன்னும் நல்லது. தளத்தின் அகலத்தோடு நிறுத்தாமல் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி வெட்டுங்கள், ஏனென்றால் ஈரம் வருவதும் போவதும் ஓரத்தில்தான். அதில் சரள் மண்ணை நிரப்புங்கள். ஒவ்வொரு அடுக்கும் அரை அடிக்கு மேல் போகக் கூடாது. லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக அடித்து இறுக்க வேண்டும். சின்ன வாசலுக்கு ரோலர் நுழையாது. தட்டு வைப்ரேட்டரை வாடகைக்கு எடுங்கள், இல்லாவிட்டால் திமிசுக்கட்டையாலாவது குத்துங்கள். ஒன்றரை அடியையும் ஒரே மூச்சில் கொட்டித் தண்ணீர் விட்டு ஊறவைத்துவிட்டு "செட் ஆயிடும்" என்று சொல்கிற பழக்கத்தைத் தயவு செய்து விட்டுவிடுங்கள்.

இங்கே ஒரு தப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தோடு செய்யப்படுகிற தப்பு இது. பலர் கரிசலை வெட்டிவிட்டு மணலையோ எம்-சாண்டையோ கிரஷர் டஸ்டையோ நிரப்புகிறார்கள். மணல் ஊதாது, உண்மைதான். ஆனால் சுற்றிலும் களி, நடுவில் மணல் என்றால் அது ஒரு தொட்டி. மழைத்தண்ணீர் மணல் வழியாக இறங்கி அந்தத் தொட்டியில் தேங்கி நிற்கும். வெளியே போக வழியில்லாமல் அடியில் இருக்கிற கரிசலை வாரக்கணக்கில் ஊறவைக்கும். வெட்டாமல் விட்டிருந்தால்கூட அவ்வளவு ஊறியிருக்காது. நிரப்புகிற மண் ஊதவும் கூடாது, தண்ணீரை எளிதில் விடவும் கூடாது. நம் பக்கத்துச் சரளில் செம்மண் பிடிப்பும் கல்லும் கலந்திருப்பதால் அதற்கு இது பொருந்தும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஆர்.கே. கட்டி என்ற பேராசிரியர் 1970-களிலேயே இதைச் சோதித்துக் காட்டினார். கரிசல் நிலத்தில் ஓடும் பாசனக் கால்வாய்களின் பூச்சு உடைந்துகொண்டே இருந்த காலம் அது. ஊதாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு அடுக்காக நடுவே வைத்தால் கீழே இருக்கிற களியின் ஊதல் அடங்குகிறது என்று அவர் கண்டார். கால்வாய்க்குச் செல்லுபடியாகிற அதே அறிவு வாசலுக்கும் செல்லும்.

சரள் கிடைக்காத ஊரில் சுண்ணாம்பு இருக்கிறது. வெட்டிய கரிசலையே உடைத்துப் பொடித்து, எடைக்கு நூற்றுக்கு மூன்றில் இருந்து ஐந்து பங்கு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து, ஈரப்படுத்தி ஒரு நாள் விட்டு, மறுபடி கிளறி இறுக்கினால் களியின் ஒட்டலும் ஊதலும் நன்றாகக் குறையும். கட்டியை உடைக்காமல் மேலாகச் சுண்ணாம்பைத் தூவினால் பலன் இல்லை. கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும். சித்தாள் வேலைக்கு வருகிற பெண்களை வெறும் கையால் சுண்ணாம்பைக் கலக்க விடாதீர்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். பத்துக்கு இருபது அடி வாசலில் நாலு அங்குலத்தை ஆறு அங்குலமாக்கினால் 33 கன அடி கான்கிரீட் கூடும். சிமெண்ட் மட்டும் ஆறு மூட்டை, அதற்கு மேல் ஜல்லி, எம்-சாண்ட். அதே வாசலுக்கு ஒன்றரை அடி சரள் நிரப்ப, ஓரங்களையும் இறுகினால் சுருங்குவதையும் சேர்த்து ஐந்து யூனிட் வேண்டும் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). சரளும் வெட்டுக்கூலியும் கூடுதல் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் கார் மட்டும் ஏறுகிற வாசலுக்கு, நல்ல அடித்தளத்தின் மேல் நாலு அங்குலம் போதும். தண்ணீர் லாரியோ லோடு டிராக்டரோ ஏறும் என்றால் மட்டும் ஆறு அங்குலம். மேலே மிச்சப்படுத்தியதைக் கீழே போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

போடுகிற காலம் பற்றி ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் மண் முழுக்கக் காய்ந்து கிடக்கும்போது மூடினால், அடுத்த மழையில் அது ஊதுகிற அளவு உச்சத்தில் இருக்கும். ஐப்பசியில் சேறாக இருக்கும்போது மூடினால் கோடையில் சுருங்கிக் கீழே வெற்றிடம் விடும். தை, மாசிதான் நமக்கு நல்ல காலம்: மழை முடிந்து, மண் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரத்தில் இருக்கும், வெயிலும் கொல்லாது. கோடையில்தான் போட்டாக வேண்டும் என்றால், குழி வெட்டியதும் அடிமண்ணின் வெடிப்புகளில் சில நாள் தண்ணீர் விட்டு அவை தானாக மூடிக்கொள்ள விடுங்கள், அதன் பிறகு சரள் போடுங்கள். ஆடிக்காற்றில் வேலையே வேண்டாம் என்பேன். கயத்தாற்றில் காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று, கான்கிரீட்டின் மேல்தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும். கலவை இறுகும் முன்பே கோழிக்கால் மாதிரி வெடிப்பு விழும். தவிர்க்க முடியாவிட்டால் விடியற்காலையில் போட்டு, மட்டம் தட்டிய இடத்தை உடனுக்குடன் பாலிதீன் விரிப்பால் மூடிக்கொண்டே வாருங்கள்.

இப்போது ஜாயிண்ட், அதாவது தளத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிற இடைவெட்டு. நான் பார்த்த உடைந்த தளங்களில் பாதிக்கு மேல் ஜாயிண்ட்டே இல்லை. இருந்ததில் பலவும் கரண்டியால் கிழித்த கோடுதான். கான்கிரீட் காயும்போது சுருங்கும், அதை யாரும் தடுக்க முடியாது. பத்து மீட்டர் நீளத் தளம் காய்ந்து முடிக்கும்போது சுமார் மூன்று மில்லிமீட்டர் சுருங்கப் பார்க்கும். அதற்கு மேல் வெயிலுக்கு நீண்டு இரவுக்குச் சுருங்குவது தனி. விடியற்காலைக்கும் மத்தியானத்துக்கும் தளத்தில் 30 பாகை வித்தியாசம் இருந்தால் அதே பத்து மீட்டரில் இன்னொரு மூன்று மில்லிமீட்டர். இந்த அசைவுக்கு நாம் இடம் கொடுக்காவிட்டால், தளம் தானாக இடத்தைத் தேடிக்கொள்ளும். அதைத்தான் நாம் வெடிப்பு என்கிறோம்.

நாலு அங்குலத் தளத்துக்குப் பத்தடிக்கு மேல் ஒரே பலகையாக விடாதீர்கள். எட்டடி இன்னும் நல்லது. கட்டங்கள் சதுரத்துக்குப் பக்கமாக இருக்கட்டும். ஒடுங்கி நீண்ட கட்டம் குறுக்கே உடையும். வெட்டு தளத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் இறங்க வேண்டும்; நாலு அங்குலத்துக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கட்டிங் மெஷின் இருந்தால், மாலையில் போட்ட தளத்தை மறுநாள் வெயில் ஏறும் முன் வெட்டி முடித்துவிட வேண்டும். "நாளைக்கழிச்சு வந்து வெட்டிக்கலாம்" என்றால், அதற்குள் அது தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்திருக்கும். மெஷின் இல்லாத ஊரில் ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டம் போடுங்கள். முதல் கட்டங்கள் இறுகிய பிறகு நடுவில் உள்ளவற்றை நிரப்புங்கள். என் அப்பா காலத்துக் கொத்தனார்கள் மொட்டைமாடித் தளமும் களத்துமேடும் இப்படித்தான் போட்டார்கள். வீட்டுச் சுவர், கேட் தூண், சாக்கடைத் தொட்டி மூடி ஆகியவற்றை ஒட்டித் தளம் போகிற இடத்தில் அரை அங்குல தெர்மாகோலை நிறுத்தி வையுங்கள். தூணின் மூலையில் இருந்து சாய்வாக ஓடுகிற வெடிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தளமும் தூணும் ஒட்டிக்கொண்டதால் வருவது அது. ஜாயிண்ட்டைத் தார் ஊற்றி அடைத்து, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மறுபடி அடைக்கச் சொல்லுங்கள். வெட்டு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கினால் நாம் குழியில் செய்த வேலை எல்லாம் போச்சு.

கம்பி வலை வெடிப்பைத் தடுக்காது. வெடித்த பிறகு விரியாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதுவும் தளத்தின் மேல்பாதியில் இருந்தால் மட்டும். தங்கை வீட்டில் உடைத்துப் பார்த்தபோது வலை முழுக்க மண்ணோடு மண்ணாக அடியில் கிடந்தது. கம்பியை மண்ணில் படாமல் தூக்கி நிறுத்துகிற கவர் பிளாக் வைக்கவில்லை. கலவை கொட்டும்போது எல்லோரும் அதன் மேல் நடந்திருக்கிறார்கள். அந்தக் கம்பிக்குக் கொடுத்த காசுக்கு ஒரு யூனிட் சரளாவது வாங்கியிருக்கலாம். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே கடலோரமாகப் போகப் போகத் தண்ணீரும் உவர்ப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டில் உவர்த்தண்ணீர் ஊற்றினால் கம்பி துருப்பிடித்து ஊதி, தளத்தை உள்ளே இருந்து உடைக்கும். போர் தண்ணீரை ஒருமுறை சோதனைக்குக் கொடுங்கள்.

கலவை பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது, அதில் எம்-சாண்டில் இருக்கிற ஈரமும் சேர்த்தி. இழுக்கச் சுலபமாக இருக்கிறது என்று சித்தாள் ஊற்றுகிற கூடுதல் வாளி, நீங்கள் போட்ட கூடுதல் சிமெண்ட்டைத் தின்றுவிடும். மேலே ஈரம் மினுமினுக்கும்போது சிமெண்ட் தூவித் தேய்க்காதீர்கள், ஒரே வருடத்தில் தூளாக உதிரும். மினுமினுப்பு அடங்கியதும் மணியாஸ் கட்டை (தேய்க்கிற மரப்பலகை) போட்டு, ஈர்க்கு விளக்குமாறால் குறுக்கே ஒருமுறை இழுத்து விடுங்கள். மழையில் வயதானவர்கள் வழுக்கி விழ மாட்டார்கள். வாட்டம் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர், வீட்டை விட்டு வெளிப்பக்கமாக.

அப்புறம் தண்ணீர் கட்டுவது, அதாவது தளம் வலு ஏறும்வரை அதை ஈரமாக வைத்திருப்பது. இதில்தான் நம் வட்டாரத்தில் எனக்கு மனசு கஷ்டம். குடிக்கவே குடத்தைக் காசுக்கு வாங்குகிற தெருவில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல்ல எப்படி வாய் வரும்? மூன்றாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456 சொல்வது இதுதான்: வெயிலும் வறட்சியும் உள்ள இடத்தில் குறைந்தது 10 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 14 நாள் நல்லது. இப்போது நம் கடைகளில் வாங்குவது பெரும்பாலும் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட்தான். நல்ல சிமெண்ட். ஆனால் மெதுவாகத்தான் வலு ஏறும். ஏறும்வரை ஈரம் வேண்டும். மூன்று நாளில் காயவிட்டால் நீங்கள் கொடுத்த காசுக்கு உரிய வலுவை அது எட்டவே எட்டாது.

பத்துக்கு இருபது அடி வாசலில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த 900 லிட்டருக்கு மேல் வேண்டும். வெயிலில் வற்ற வற்ற மறுபடியும் ஊற்ற வேண்டும். அதற்குப் பதிலாக, நனைத்த சாக்கை நெருக்கமாக விரித்து, அதன் மேல் பாலிதீன் விரிப்பைப் போட்டு ஓரத்தில் மண்ணோ கல்லோ வைத்து அமுக்கிவிடுங்கள். ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். காலையில் ஒருமுறை தூக்கிப் பார்த்து, சாக்கு காய்ந்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று குடம் தெளித்தால் போதும். 14 நாளும் தாங்கும். சாக்கும் பாலிதீனும் அடுத்த வேலைக்கு உதவும். கொத்தனாரே ஒரு செட்டு வாங்கி வைத்துக்கொண்டு, வேலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் போய் எடுத்துக்கொண்டு வரலாம்.

இனி ஒன்றியப் பொறியாளர்களுக்கு.

தெருவில் போடுகிற தளத்துக்கும் நான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். குறைந்த போக்குவரத்துள்ள கான்கிரீட் சாலைகளுக்கான, இந்தியச் சாலைகள் பேராயத்தின் (ஐ.ஆர்.சி.) எஸ்.பி. 62 வழிகாட்டி உங்கள் மேசையில் இருக்கும். ஜாயிண்ட் இரண்டரை மீட்டரில் இருந்து நாலு மீட்டருக்குள் வர வேண்டும் என்று அதில் இருக்கிறது. கிராமத்துத் தெருக்களில் அதை எத்தனை இடத்தில் பார்க்கிறோம்? எம்.புக்கில் (வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தில்) நீளம், அகலம், கனம் ஏறுகின்றன. அடியில் வெட்டிய ஆழம், சரளின் அடுக்கு, ஜாயிண்ட்டின் ஆழம், ஈரத்தில் வைத்திருந்த நாள் ஆகியவையும் ஏறட்டும். அளக்கப்படுவதைத்தான் ஒப்பந்ததாரர் செய்வார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. மண்ணுக்குள் போட்ட காசுக்குப் பில் வராது என்றால் அவர் ஏன் போடுவார்? மதிப்பீடு போடும்போதே கரிசல் ஊருக்கு வேறு, செம்மண் ஊருக்கு வேறு என்று பிரித்துப் போடுங்கள். ஒரே வரைபடத்தைக் கழுகுமலைப் பாறைப் பக்கத்துக்கும் எட்டயபுரத்துக் கரிசலுக்கும் போட்டால் ஒன்று தப்பாகத்தான் முடியும்.

மார்ச் 31-க்குள் பில் முடிய வேண்டும் என்ற அவசரத்தில் வேலை மாசிக் கடைசிக்கும் பங்குனிக்கும் தள்ளிப் போகிறது. பணி ஆணையை மார்கழிக்குள் கொடுக்க முடிந்தால் தையில் குழி வெட்டலாம். உங்கள் கையில் எல்லாம் இல்லை என்று எனக்குத் தெரியும். முடிந்த அளவு முன்னால் நகர்த்துங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று தெருவின் உயரம். பழைய தளத்தின் மேலேயே புதுத் தளம் போட்டு, மறுபடி அதன் மேல் போட்டு, வீட்டுப் படிகள் தெருவுக்குள் புதைந்துவிட்டன. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று அறிவுறுத்தினார். கரிசல் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தெரு உயர்ந்தால் மழைத்தண்ணீர் வாசலுக்குத் திரும்பும், வாசல் தளத்தின் அடியில் இறங்கும், மண் ஊதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழை வரும்போது தெருத் தண்ணீருக்குப் போக வழி தெருவோர வாய்க்காலான வாறுகால் ஒன்றுதான். அந்த வாறுகாலை வாசல் சாய்தளத்தால் மூடுகிறவர்களில் நாமும் இருக்கிறோம், கொத்தனார்களே. வீட்டுக்காரர் கேட்டாலும் மூடிக் கொடுக்காதீர்கள். கழற்றி எடுக்கிற சிலாப்பைப் போட்டு, அடியில் தண்ணீர் போக விட்டு, அதன் மேல் வண்டி ஏறட்டும்.

வீட்டுக்காரர்கள் இழுத்தடிப்பார்கள். குறைந்த விலைக்கு இன்னொருவர் போடுகிறார் என்பார்கள். அந்த நெருக்கடியில் நானும் நின்றிருக்கிறேன். ஒன்று செய்யுங்கள். விலைப்புள்ளி எழுதும்போது "தளம், சதுர அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரியில் முடிக்காமல், எத்தனை அடி கரிசல் வெட்டுவேன், எத்தனை யூனிட் சரள் போடுவேன், எத்தனை இடத்தில் ஜாயிண்ட், எத்தனை நாள் சாக்கு என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். அப்போது அவர் எதைக் குறைக்கச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியும். குறைக்கச் சொன்னால் குறையுங்கள், ஆனால் அதையும் அந்தத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிராமசபைக் கூட்டத்தில் தெரு வேலை பற்றிப் பேசும்போதும் இதே கேள்விகளைக் கேட்க மக்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

தங்கை வீட்டுத் தளத்தை உடைத்து அள்ளியாகிவிட்டது. உடைந்த கான்கிரீட்டை வீட்டுக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கிறோம், பின்பக்க நடைபாதைக்கு ஆகும். இந்த மழை முடியட்டும் என்று காத்திருக்கிறோம். தை முதல் வாரத்தில் குழி வெட்டுகிறோம். வாசலில் தளம் போட்டுக் கொடுத்தவரையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார், வேலையை அவர் கையில்தான் கொடுக்கப் போகிறோம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கொத்தனார்கள் யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள். கலவை கொட்டுகிற நாளுக்கு வருவதைவிட, சரளை அடுக்கடுக்காகக் குத்துகிற இரண்டு நாளுக்கு வருவது நல்லது. இரண்டு சாடியில் மண்ணும் எடுத்து வைத்திருப்பேன். மதியச் சாப்பாடு தங்கை வீட்டில்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஒரு சைட் மேற்பார்வையாளர்
விளாத்திகுளம் வட்டம்